கட்டாய லீவு

“யாகப்பு அண்ணை, திங்கள் தொடக்கம் ஒரு கிழமை லீவிலை நில்லுங்கோ. குளிர் அறைத் திறப்பை என்னட்டைத் தாங்கோ,” என்றான் மனேஜர் டினேஸ்.

குருநகரில் அந்த இறால் கம்பனி தொடங்கிய நாள் முதல் குளிர் அறைக் களஞ்சியம் யாகப்புவின் பொறுப்பில்தான் இருந்தது.

“பெருநாளுக்கும் லீவு கேளாதவன் நான். என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறியளோ, தம்பி?”

“முதலாளியம்மா கொண்டுவந்த புது விதி, அண்ணை. ஒரே ஆள் எப்பவும் கதிரையிலை இருந்தால் செய்த களவை மூடிக்கொண்டே இருக்கலாம். வேறை ஆள் வந்து இருந்தால் அது தன்ரை பாட்டிலை வெளியிலை வரும். களவில்லாட்டி உங்களுக்கென்ன பயம்?”

திங்கள் காலை யாகப்பு முகம் வாடியபடி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை டினேஸ் முதலாளி ஸ்ரெல்லாவின் அறைக்கு ஓடினான்.

“மேடம், உங்கடை விதி வேலை செய்யுது! இருபது பெட்டி இறாலைக் காணேல்லை. மனிசன் எவ்வளவு காலமாய் அடிச்சாரோ!”

ஸ்ரெல்லா அமைதியாக நிமிர்ந்தாள்.

“விதியின்ரை மற்றப் பாதியை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. பொறுப்பைக் கைமாத்த முதல் சாமானை எண்ணவேணும். ஞாயிறு பூசை முடிஞ்சு அவரும் நானும் வந்து எல்லாப் பெட்டியையும் எண்ணினனாங்கள். ஒண்டும் குறையேல்லை. பூட்டின திறப்பை நான் வைச்சிருந்து, திங்கள் காலமை உங்களிட்டைத் தரச்சொல்லித்தான் அவரிட்டைக் குடுத்தனான். அதுக்குப் பிறகு அந்த அறைக்குள்ளை போனது நீங்கள் மட்டும்தான், தம்பி.”