நல்ல இடம்

ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பதாக ஒஸ்லோவிலிருந்து துஷாரா தொலைபேசியில் சொன்னதும், நோர்வேயின் வடகோடியான ஹம்மர்பெஸ்ட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் குரல் துள்ளியது.

“எந்த ஊர் ஆக்கள், பிள்ளை?”

“பூர்வீகம் நோர்வேதான். பிறகு பிரான்சுக்குப் போய் நோர்மண்டியிலை இருந்திட்டினம்.”

“வெள்ளைக்காரரோ? பரவாயில்லை. காணி, பூமி?”

“நோர்மண்டியிலை ஒரு கோட்டை. இங்கிலாந்திலை முப்பது ஊரிலை காணி.”

“நல்ல இடம்தான்! பெடியன்ரை பேர் என்ன?”

துஷாராவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஐயோ அம்மா! இது நான் யூனிவர்சிட்டிக்கு எழுதுற ஆராய்ச்சி. அவையள் செத்து எண்ணூறு வருசமாச்சு.”

மறுபக்கம் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“சரி, வைக்கட்டோ அம்மா?”

“வைச்சிடாதை பிள்ளை. இண்டைக்கு என்னோடை ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்தக் காணியெல்லாம் பிறகு ஆருக்குப் போனது? சொல்லு.”