துணைக்கு ஒருத்தர்

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பார்க்கும் ஆசை, தையற்காரிக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. ஆசை யாரை விட்டது? பயிற்சி எடுத்து நான்கு முறை இறங்கியும் விட்டாள். ஐந்தாவதை வேறோர் ஊரில் தன்னந்தனியாகப் போய்ச் செய்வதென்று பஸ், அறை, படகு, நான்கு நாள் கடையடைப்பு எல்லாம் ஏற்பாடு செய்தாள். ஒன்றுதான் இடித்தது. புதியவர்களைத் துணையில்லாமல் நீரில் இறக்க மாட்டார்களாம்.

தங்கையைக் கேட்டாள்.

"குளிக்கிறப்போ மூஞ்சில தண்ணி பட்டாலே எனக்கு மூச்சு முட்டும். ஆளை விடுக்கா."

அவளை விட்டால் கேட்க வேறு யாருமில்லை. பயணத்தை ரத்து செய்யப் படகுக்காரருக்குப் போன் போட்டாள்.

"எதுக்கும்மா ரத்து? உங்க துணை நேத்தே பேசிட்டாங்களே. உங்களுக்கு இடது காது வலிக்கும், மெதுவா இறக்குங்கன்னு சொன்னாங்க."

அந்த வலியை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இறக்க மாட்டார்களோ என்று நான்கு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க எப்ப வர்றாங்களாம்?"

"கரைக்கு வரலையாம். தண்ணிக்கு அடியிலயே பாத்துக்கிறேன்னாங்க."

போனை வைத்துவிட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மறுபடி கூப்பிட்டு வேண்டாமென்று சொல்லிவிடுவதுதான் சரி. ஆனால் அவளுக்கு எங்கே வலிக்கிறதென்று இன்னொருவர் நினைத்துப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! எழுந்துபோய்ப் பையில் தன் துண்டை வைத்தாள். பிறகு அலமாரியில் பெரியதாகப் பார்த்து, இன்னொரு துண்டையும் மடித்து வைத்தாள்.