சிவப்புக் குறி போடாத டீச்சர்

"ஒரு மணி நேரமா நம்ம எர்லா..."

"முழுசாக் கேளுங்களேன், அவளேதான்..."

"...ஒரே கணக்கு முன்னால உட்கார்ந்திருக்கா, லவீனா! தப்புன்னா தப்புன்னு ஒரு கோடு போட வேண்டியதுதானே? அதுக்குத்தானே டீச்சர்?"

"அவளே கண்டுபிடிச்சுட்டாங்கறேன்! மூணாவது வரியில. அப்போ அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும். போன வருஷம் பின்னம்னாலே வயித்துவலி வந்த பொண்ணு."

ஓபேத் பௌமன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். லவீனா அடுப்பருகே உட்கார்ந்து, மகள் எர்லாவின் புதுக் கம்பளிக் கையுறையில் அவள் பெயரின் முதலெழுத்துகளைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நீல நிறம். குறி இல்லாவிட்டால் மாறிப்போகும். செத்துப்போன மாமியார் சொல்லிக்கொடுத்த தையல் அது.

"பின்னம் சொல்லித் தராளா, பாவ அறிக்கை கேக்கறாளா அந்தம்மா?"

"எர்லா எல்லாம் சொன்னா. ஆதாம் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சப்போ, 'எங்கே இருக்கே?'ன்னு கர்த்தர் கேட்டது இடம் தெரியாமலா? அவனா வெளியில வரட்டும்னுதானே? அதனாலதான் அல்மீடா டீச்சர் சிவப்புக் குறி போடறதில்லையாம். 'எங்கே தப்பு வந்துச்சுன்னு நீயே சொல்றியா?'ன்னு ஒரு தடவை கேப்பாங்களாம். அப்புறம் பக்கத்துல உட்கார்ந்து பீன்ஸ் உரிப்பாங்களாம்."

"கர்த்தரோட தன்னையும் சேர்த்துக்கிட்டாளாக்கும்!"

"சேர்த்துக்கல. அவர்கிட்ட கத்துக்கிட்டாங்க."

"அவ கதை உனக்கு என்ன தெரியும்? நீ கல்யாணமாகி வேற ஊர்லேர்ந்து வந்தவ." ஓபேத் குரலைத் தாழ்த்தினான். "இருபத்திரண்டு வருஷம் முன்னால அவ நம்ம பள்ளிக்கூடத்து டீச்சர். எட்டாம் வகுப்புல ஏழு பிள்ளைங்க. வருஷக் கடைசித் தேர்வுல ஏழு பேரும் ஒரு கணக்கை ஒரே மாதிரி தப்பாப் போட்டிருந்தாங்க. விடைப் புத்தகத்துல அச்சுப்பிழையா இருந்த அதே தப்பு! புத்தகம் அவ மேஜையில பூட்டியிருந்தது. யார் கொடுத்தான்னு பள்ளிக் குழு மூணு தடவை கேட்டது. வாயே திறக்கல. நல்ல பேர் வாங்க அவளே கொடுத்துட்டான்னு வெளிய அனுப்பிட்டாங்க."

"யாரும் பார்க்கலையே."

"தப்பு பண்ணாதவ பேசியிருப்பா. நாளைக்கு சமாதானக் கூட்டத்துல எழுந்து சொல்லத்தான் போறேன். நானும் இப்போ பள்ளிக் குழுவுல ஒருத்தன். அவ பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற சபை வீட்டுப் பக்கத்து அறை இனிமே அவளுக்கு இல்ல."

திருவிருந்துக்கு முந்தின ஞாயிறு அந்தக் கூட்டம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொருவராக எழுந்து, 'தேவனோடும் மனுஷரோடும் சமாதானமாக இருக்கிறேன்' என்று சபை முன்னால் சொல்ல வேண்டும்.

லவீனா கையுறையை மடியில் வைத்தாள். "அந்த அறை போனா ஒத்தைப் பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டாங்க. அவங்க பொழைப்பே போச்சு. நம்ம எர்லாவுக்கு யார் சொல்லித் தருவா?"

"நான் சொல்லித் தரேன்."

"நீங்களா? மாட்டுத் தீவனத்துக்கே என்னைத்தானே கணக்குப் போடச் சொல்றீங்க!"

வெளியே குதிரை வண்டி நிற்கும் சத்தம். கதவைத் தட்டிவிட்டு அல்மீடா கிங்ரிச் உள்ளே வந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு, கறுப்பு முக்காடு, கையில் ஒரு சின்னத் துணிப்பை.

"நாளைக்கு என்னைப் பத்திப் பேசப் போறியாமே, ஓபேத். கடையில சொன்னாங்க."

"ஆமா. எனக்கு ஒளிவு மறைவு கிடையாது."

"பேசு. நான் எழுந்து மறுக்க மாட்டேன். அன்னிக்கும் மறுக்கல."

லவீனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மறுக்கல? எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும்."

"அப்போ சொல்லியிருக்கலாமே!"

"நான் சொன்னா அது சிவப்புக் குறி, லவீனா. அந்தப் பிள்ளைக்கு அப்போ பதினாலு வயசு. தானா வரும்னு காத்திருந்தேன்."

"இன்னும் வரலையே! அதுக்குள்ள உங்க வாழ்க்கையே போச்சே!"

அல்மீடா துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"இதைக் கொடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். விடைப் புத்தகம் இருந்த இழுப்பறைக்குள்ள கிடந்தது. இதைத் தவிர வேற சாட்சி கிடையாது. நாளைக்கு மனசு தாங்காம யார்கிட்டயாவது காட்டிடுவேனோன்னு பயமா இருக்கு. இனி என்கிட்ட இருக்க வேண்டாம்."

மேஜைமேல் ஒரு நீலக் கம்பளிக் கையுறையை வைத்தாள். மணிக்கட்டில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்துகள். லவீனா குனிந்து பார்த்தாள். அது மாமியாரின் தையல். மெதுவாக நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

அல்மீடா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜையில் இருந்த பீன்ஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி, ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"நீ ஞானஸ்நானம் எடுத்த இந்தப் பதினெட்டு வருஷமா, எல்லாரோடும் சமாதானம்னு முப்பத்தாறு கூட்டத்துல நீ சொல்லக் கேட்டுட்டேன். எங்கே தப்பு வந்துச்சுன்னு நீயே சொல்றியா, ஓபேத்?"