கம்பெனிச் சரக்கு

"கையைத் தூக்கு. நல்லாத் தூக்கு!"

கேட்டில் சோதனை போடும் செக்யூரிட்டி அக்கா அதட்டியதும் அவள் கையைப் பாதி தூக்கினாள். எட்டு மாச வயிறு. சட்டைக்குள்ளே, அந்த வயிற்றைச் சுற்றி, கம்பெனியின் இடுப்புப் பட்டை.

பிள்ளைத்தாய்ச்சிகள் இடுப்பு வலிக்குக் கட்டிக்கொள்கிற பட்டை. அதைத்தான் அங்கே தைக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு பட்டை தைக்கிற அவளுக்கோ, மெஷினை விட்டு எழுந்து ஓரடி வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

கெஞ்சியும் பார்த்தாள்.

"சார், தையல் கோணிப்போச்சுன்னு குப்பையில போடுறீங்களே, அதுல ஒண்ணு குடுங்க சார்."

"ஊருக்குத் தைக்கிறதை நீ கட்டிக்கணுமா? ஆசையைப் பாரு! முடியலைன்னா வீட்டுல போய்ப் படு. உன் மெஷினுக்கு வெளியே பத்துப் பேரு நிக்கிறாங்க."

வாய் கூசாமல் சொன்னான் சூப்பர்வைசர், பாவி. அந்த ஆத்திரத்தில்தான் இன்றைக்குக் குப்பைக்கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டுவிட்டாள். பிடிபட்டால் வேலை போகும். அடுத்த வாரம் எடுக்கவிருந்த பிரசவ லீவும் சேர்ந்து போகும்.

தடவிக்கொண்டே வந்த அக்காவின் கை, விலாவுக்குக் கீழே டக்கென்று நின்றது.

"என்னடி இது?"

பத்தடி தள்ளி நின்ற சூப்பர்வைசர் திரும்பினான். "என்ன அங்கே?"

"இருங்க சார், உள்ளே வச்சு விசாரிக்கிறேன்!"

அக்கா அவள் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு நூல்கண்டைக்கூட விடாத ராட்சசி ஆயிற்றே!

"வயித்துப்பிள்ளைக்காரின்னுகூடப் பார்க்கலையே. இவளும் ஒரு பொம்பளையா?"

திரைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

"தூக்குடி சட்டையை! அறிவிருக்கா உனக்கு? கொஞ்சமாவது அறிவிருக்கா?"

பட்டை கழன்றது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போச்சு, எல்லாம் போச்சு. 'நீ நல்லா இருப்பியா' என்று மனசுக்குள் சபித்தாள்.

அக்கா குனிந்தாள். கழற்றிய பட்டையை வயிற்றுக்கு அடியில் இறக்கி, இடுப்பெலும்பைச் சுற்றி இழுத்து ஒட்டினாள்.

"இதைத் தைக்கிறவளுக்கு எங்கே கட்டணும்னு தெரியலையேடி!" குரல் இப்போது காதோடு வந்தது. "மேலே கட்டினா வலி எப்படிக் குறையும்? பெட்டிக்குள்ள போடுற தாள்ல படம் போட்டிருக்கே, பார்த்ததில்லை?"

"அதெல்லாம் பேக்கிங்லக்கா. எங்க கண்ணுல எங்கே காட்டுறாங்க?"

"அதுவும் இல்லையா? நாசமாப் போக! சரி, நடந்து பாரு."

ஓரடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். ரெண்டு மாசத்தில் முதல் தடவையாகக் கால் அவள் சொன்னபடி கேட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுகையை நிறுத்தாதே. அப்படியே வா."

அக்கா திரையை விலக்கினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன கிடைச்சுது?" சூப்பர்வைசர் ஓடி வந்தான்.

"இடுப்பு வலி சார். நம்ம கம்பெனிச் சரக்குதான். எடுத்துட்டுப் போகட்டுமா, இல்லை நீங்களே வாங்கி வச்சுக்கிறீங்களா?"