உரிய நேரத்தில் வந்தவர்

மூன்றாவது முறையும் அவர் டிக்கெட்டை நீட்டினார்.

மூன்றாவது முறையும் கவுண்ட்டரில் இருந்தவன் அதைத் தொடவில்லை.

"டிக்கெட் இருக்கு சார். சீட்தான் இல்லை."

அறுபத்தெட்டு வயதில் இப்படியொரு தமிழை அவர் கேட்டதில்லை.

ஆறு பத்து விமானத்துக்கு நான்கு மணிக்கே வந்து நின்றவர். வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், அரைக்கால் சட்டைக்காரர்கள், கொட்டாவி விட்டபடி உள்ளே போய்விட்டார்கள். நேற்றே செல்போனில் செக்-இன் செய்தவர்களாம். இருக்கிற இடத்துக்கு மேல் டிக்கெட்டை விற்பது, மிஞ்சுகிற ஆளை வாசலில் நிறுத்துவது. கம்பெனியின் வழக்கமாம்.

"வழக்கமா? எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு. மேனேஜரைக் கூப்பிடு."

"நான்தான் சார் டூட்டி மேனேஜர்."

பக்கத்துக் கவுண்ட்டர் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

மேனேஜர் மேஜைக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு தாளை உருவித் திருப்பி வைத்தான். எறும்பு எழுத்து. பதினோராம் பிரிவில் அவன் விரல் நின்றது. டிக்கெட் என்பது இடத்துக்கு உறுதி அல்ல. நேரம் இந்த ஒப்பந்தத்தின் பகுதி அல்ல.

"சம்மதம்னு டிக் போட்டிருக்கீங்க சார்."

"நான் எதுக்கும் டிக் போடல. மருமக போட்டிருப்பா."

"உங்களுக்காகத்தானே போட்டாங்க."

வீட்டுப் பெண்ணைச் சாட்சிக்கு இழுக்கிறான். அவர் பல்லைக் கடித்தார்.

"நேரம் உன் ஒப்பந்தத்துல இல்லைன்னா முகூர்த்தத்தை உன் தாத்தா வந்து தள்ளி வைப்பாரா?"

"பத்து நாற்பது ஃபிளைட்ல போட்டுத் தரேன் சார். அதுவரைக்கும் இட்லிக்குக் கூப்பன் இருக்கு."

"அண்டா அண்டாவா சாம்பார் கொதிக்கிற கல்யாண வீட்டுக்குப் போறவன் நான். கூப்பன் இட்லியை உன் முதலாளிக்கு ஊட்டு."

பத்து நாற்பது.

ஒன்பது மணிக்கு முகூர்த்தம். திருநெல்வேலியில், தங்கை காந்திமதியின் மகள் நிவேதாவுக்கு. தாலி ஏறுமுன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். பொன்தகட்டுப் பட்டம் தட்டில் தயாராக இருக்கும். கட்டத்தான் கை வேண்டும்.

நேற்றே ரயில் ஏறியிருக்கலாம். தங்கை கெஞ்சத்தான் செய்தாள்.

தம்பி சங்கரலிங்கம் படுக்கிற கூரையின் கீழ் நான் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவன் மேடைப் பக்கம் வரக் கூடாது. காலையில் விமானத்தில் வருவேன். பட்டம் கட்டுவேன். கை நனைக்காமல் திரும்புவேன்.

தங்கை எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள்.

பதினோரு வருஷமாக இப்படித்தான். அப்பாவின் சிதை எரிந்து அடங்கிய பிறகு வந்து நின்ற பிள்ளையை வேறு எப்படி நடத்துவது? நாக்பூரில் அவனை விமானத்தில் ஏற்றவில்லையாம். சொன்னான்.

போன் அடித்தது. காந்திமதி.

"அண்ணாச்சி, பிளேன் ஏறிட்டியளா?"

"ஏத்தல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது.

மறுமுனையில் நாதஸ்வரம் சுருதி கூட்டிக்கொண்டிருந்தது. தங்கை குரலை இறக்கிப் பேசினாள்.

"அப்ப பட்டம் யாரு கட்டுவா? தம்பி பக்கத்துலதான் நிக்கான். அண்ணாச்சி வாயால சொல்லாம மேடை ஏற மாட்டேங்கான். மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் என்ன சொல்ல?"

தாய்மாமன் இரண்டு பேர் இருந்தும் பட்டம் கட்டக் கையில்லாமல் போன பெண். போகிற வீட்டில் காலத்துக்கும் அதைச் சொல்லித்தான் அவளைக் குத்துவார்கள்.

போன் காதிலேயே இருந்தது.

இதற்குள் மேனேஜர் ஒரு தாளை அச்சடித்து, முத்திரை குத்தி நீட்டினான்.

"புகார் கொடுக்கணும்னா இதை வச்சுக்குங்க சார். வீட்டுலயும் காட்டலாம்."

"என் வார்த்தையை நம்ப எங்க வீட்டுல தாள் கேக்க மாட்டாங்க."

அவன் தோளைக் குலுக்கினான். தாள் கண்ணாடி மேல் கிடந்தது.

இப்படியொரு தாளை அவர் பார்த்திருக்கிறார். நான்காக மடித்தது. அப்பாவை எரித்த அன்று, கழுவிவிட்ட முற்றத்தில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சங்கரலிங்கம் இரண்டு கையாலும் அதை நீட்டினான்.

அவர் கை நீட்டவில்லை.

"வர நெனச்சவன் நடந்தாவது வந்திருப்பான்" என்றார். கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

தாள் கீழே விழுந்தது. பந்தல் பிரிக்க வந்த ஆள் மிதித்துக்கொண்டு போனான்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

இப்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். அதற்குக் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேனேஜர் தந்த தாளை எடுத்து வாசித்தார். விமான எண். தேதி. அவர் பெயர். கீழே ஒரே வரி.

இப்பயணி உரிய நேரத்தில் வந்திருந்தார்.

மறுபடியும் வாசித்தார்.

"அண்ணாச்சி? லைன்ல இருக்கியளா?"

அவர் தாளை இரண்டாக மடித்தார். இன்னொரு முறை மடித்தார். விளிம்பை நகத்தால் அழுத்தி நீவினார்.

"இருக்கேன். அவன்கிட்ட போனைக் குடு."