மைனாவின் ஒரே பெட்டி

பெண் வீட்டுக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. அதுவும் நிச்சயதார்த்தத்தன்று காலையில்.

கல்யாணத் தரகர் மைனாவுக்கு இரண்டு மின்னஞ்சல் கணக்கு. பெண் வீட்டாருக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று. மாற்றி மாற்றித் திறந்து அலுத்துப்போய், இரண்டையும் ஒரே செயலியில் சேர்த்தாள். எல்லாக் கடிதங்களும் ஒரே பெட்டியில் வந்து குவிந்தன. "ஆகா, என்ன வசதி!" என்று குதித்தாள். குதித்த வேகத்தில், யார் வீட்டுக் கடிதம் என்று பாராமல் பதிலைத் தட்டிவிட்டாள்: "பையன் கட்டிய கூடு கோணல்தான். கல்யாணம் முடியட்டும், பிரித்துக் கட்ட வைக்கிறேன்."

மாப்பிள்ளையின் அப்பா, தூக்கணாங்குருவி, படபடவென்று பறந்து வந்தார்.

"ஏம்மா மைனா! நேத்துவரைக்கும் அரண்மனைன்னு சொன்னே. இன்னைக்குக் கோணலா? இந்தச் சம்பந்தமே வேண்டாம், போ!"

இந்தக் கல்யாணம் நின்றால் இனி எந்த மரத்தில் மைனாவைக் கூப்பிடுவார்கள்?

"அது வந்து... செயலி பண்ணின கோளாறுண்ணே!"

நிச்சயத்துக்கு வந்திருந்த கல்யாணப் பெண் மஞ்சரி இந்தக் கூச்சலைக் கேட்டாள். விருட்டென்று பறந்து மாப்பிள்ளை கட்டிய அந்தக் கூட்டுக்குள் நுழைந்தாள். காற்றடித்தது. கூடு ஆடியது, விழவில்லை. தலையை வெளியே நீட்டினாள்.

"கோணல்தான் மாமா. ஆனா கெட்டி. எனக்குப் பிடிச்சிருக்கு!"

பெரியவர் சிரித்துவிட்டார்.

"மைனாக்கா, இனிமே ரெண்டு வீட்டுக்கும் ஒரே சேதியா எழுதுங்க. ஒரு கணக்கே போதும்" என்றாள் மஞ்சரி.

"தட்டை மாத்துங்கப்பா!" என்று கத்தினார் மாமா. மைனாவுக்கு மூச்சு வந்தது. அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவள் கல்யாணப் பெண் மஞ்சரி.