பக்கத்தில் நின்றவனின் மூச்சு

அருள்நாயகத்தின் பிடரியிலிருந்து இரத்தினவேல் கண்ணை எடுக்கவேயில்லை.

அஜின்கோர்ட் தேவாலயமொன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு இரண்டு வரிசையாக நின்றார்கள். தொண்டையை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து மூச்சைச் சத்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். கராத்தேயில் கையும் காலும் அதற்குப் பிறகுதான் என்பார் ஜப்பானிய ஆசிரியர் மொறி.

அவர் மூச்சை வாயால் சொல்லித் தருவதில்லை. புதிதாக வருபவன் பழைய மாணவன் ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டுப் பழக வேண்டும். அருள்நாயகம் இரண்டு வருடமாகச் சண்முகலிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவன். இரத்தினவேல் வந்து மூன்று கிழமைதான்.

மொறி வரிசையோடு நடந்து வந்து, சண்முகலிங்கத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நாளாக உன் சத்தத்தையே காணவில்லையே, என்ன வருத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தடிமன், மூக்கடைப்பு என்றார் சண்முகலிங்கம்.

வகுப்பு முடிந்தது. மிசிசாகாவில் பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அருள்நாயகம் முதலாவதாகப் படியேறினான். மற்றவர்களும் போனபின், சப்பாத்துகள் வைக்கும் இடத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"அண்ணை, அவன்தான்" என்றான் இரத்தினவேல்.

"ஆர்?"

"அருள்நாயகம். எங்கட ஊரில தலையாட்டினவன்."

எண்பத்தைந்தில் ஊரைச் சுற்றிவளைத்த ஆமி, இளைஞர்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தியது. சாக்கால் தலையை மூடிய ஒருவன் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றான். அவன் தலையாட்டினால் ட்ரக்கில் ஏற்றுவார்கள். இரத்தினவேலின் தமையன் பத்மநாதனை அப்படித்தான் ஏற்றினார்கள். அவன் திரும்பி வரவில்லை.

"முகம் தெரியாதெண்டெல்லோ சொன்னனீர்?"

"மூச்சுத் தெரியும் அண்ணை. எனக்கு முன்னால ஒரு முழத்தில நிண்டவன். விடேக்க கடைசியில ஒருக்கா அடைச்சுப் பிறகு விடும். மூண்டு வருசமா என்ர காதுக்க கேக்கிறது உதுதான். உவன் விடுறதும் அச்சொட்டா அப்பிடித்தான்."

"என்ர மனிசியின்ர குறட்டையும் உப்பிடித்தான் அடைச்சடைச்சு வரும். வந்து அவளையும் பிடியுமன்."

இரத்தினவேல் சிரிக்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த பயிற்சித் தடிகளில் ஒன்றை எடுத்து, கையில் பாரம் பார்த்தான்.

உயரத்தில் இருந்த சிறிய சன்னலால் கார் பார்க் தெரிந்தது. அருள்நாயகம் குனிந்து கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். வேறு யாரும் இல்லை.

சண்முகலிங்கம் போய்க் கதவை மறித்து நின்றார்.

"தம்பி, அவன் மன்னார் ஆள். உங்கட ஊர்ப்பக்கம் வந்தே இருக்கமாட்டான்."

"பின்ன, வந்தனான் எண்டு சொல்லுவானே?"

"அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கு."

"எங்கட அண்ணைக்கு இருபத்திரண்டு வயசு."

"பொலிஸ் பிடிச்சா உம்மட அகதிக் கேஸ் முடிஞ்சுது. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அனுப்பட்டும். நான் இஞ்ச சீவிக்கவே வந்தனான் எண்டு நினைக்கிறியள்? விடுங்கோ அண்ணை. ஒரு அடி. பிடரியில. அவ்வளவுதான்."

சண்முகலிங்கம் நகரவில்லை. சுவரோரத்து ஹீற்றர் இரண்டு தரம் தட்டிவிட்டு அடங்கியது. வெளியே பனி சுரண்டும் சத்தம் நின்றது.

"வழி விடுங்கோ. அவன் வெளிக்கிடப் போறான்."

"அது அவன் இல்லை."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?" இரத்தினவேலின் குரல் உயர்ந்தது. "நீங்கள் எண்பத்திமூண்டிலயே ஜேர்மனிக்குப் போனனான் எண்டு சொன்னனீங்கள். அந்த வரிசையில நிண்டனீங்களே?"

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சண்முகலிங்கம் கதவிலிருந்து கையை எடுத்தார். இரத்தினவேலின் முகத்தை, அவன் வகுப்புக்கு வந்த இந்த மூன்று கிழமையில் முதல் தடவையாக, நேரே பார்த்தார்.

"இல்லை. வரிசையில நிக்கேல்லை."

தடி இரத்தினவேலின் கையில் அப்படியே நின்றது. சண்முகலிங்கம் இன்னும் அவன் முகத்தையே பார்த்தபடி சொன்னார்.

"அண்டைக்கு உமக்குத் தாடி இருந்தது."